மிதவையைத் தொட்டவள்

எங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். காலை ஐந்தரைக்கு ஒருவர் வேத வசனம் போடுவார். அதற்குப் பதினோரு கைகூப்பல். ஆறு மணிக்கு இன்னொருவர் ரோஜாப்பூவின் மேல் பனித்துளி போடுவார். அதற்கும் பதினோரு கைகூப்பல். நடுவில் நான், 'ஞாயிற்றுக்கிழமை படகுகளைக் கழுவி அடுக்க நாலு பேர் வேண்டும், யார் வருகிறீர்கள்?' என்று கேட்பேன். எல்லோரும் படித்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறி விழும். ஒரு பயல் வாயைத் திறக்கமாட்டான். மறுநாள் காலை ஐந்தரைக்கு மறுபடியும் வசனம்.

என் பெயர் கரோலின். வயது நாற்பத்தொன்று. பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். வாக்குமூலம், உறுதிமொழிப் பத்திரம் என்று ஊர்க்காரர்கள் தமிழில் சொல்லும் பொய்களைப் பதினாறு வருஷமாக ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மிச்ச நேரத்தில் தாமிரவருணி பறக்கும் படகுச் சங்கத்தின் செயலாளர். செயலாளர் என்றால் படகு கழுவுவது, மிதவை கட்டுவது, நேரம் குறிப்பது, வடைக்குச் சொல்வது எல்லாம் அதில் அடக்கம்.

பறக்கும் படகு என்றால் சிரிக்கிறார்கள். அதனால் விளக்கிவிடுகிறேன். ஒரே ஆள் உட்காரும் பாய்மரப் படகு. பதினோரு அடி நீளம், இரண்டு பேர் சேர்ந்தால் தலைக்கு மேல் தூக்கிவிடலாம். அடியில் கத்தி மாதிரி இரண்டு தண்டுகள் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். அவற்றின் நுனியில் விமானத்துக்கு இருப்பது போல இறக்கைகள். காற்றுப் பிடித்து வேகம் ஏறியதும் அந்த இறக்கைகள் படகைத் தூக்கிவிடும். தண்ணீரை விட்டு மூன்றடி உயரத்தில் போவோம். அலையடிக்கும் சத்தம்கூட நின்றுபோகும். எனக்கு இந்த உலகத்தில் அருவருப்பு இல்லாமல் கழிகிற நேரம் அது ஒன்றுதான்.

நாங்கள் ஓட்டுவது புன்னைக்காயலுக்குப் பக்கத்தில், ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே. ஆனி, ஆடியில் மேல்காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். அலை எழாது, காற்று மட்டும் பலமாக இருக்கும். பறப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் ஆறு சும்மா வருவதில்லை. மாத்திரை அட்டை, குழந்தையின் கழிவுத்துணி, கோழிக்கடைக் கழிவு, தோஷம் கழிய யாரோ உடம்பிலிருந்து அவிழ்த்துவிட்ட வேட்டி என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு தடவை என் படகின் இறக்கையில் ஒரு முழுச் சேலை சுற்றிக்கொண்டது. முழு வேகத்தில் போனவள் தலைகுப்புற விழுந்தேன். எந்தப் புண்ணியவதி கழித்துவிட்ட பாவமோ, என் மூக்கில் ரத்தம் வந்தது. ஆற்றைத் தாய் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு நாள் இங்கே வந்து முங்கி எழுந்துவிட்டுப் பேச வேண்டும்.

இதை இந்தப் பக்கம் கொண்டுவந்தவள் இஷ்ரத். மேலப்பாளையத்தில் பிசியோதெரபி நிலையம் வைத்திருக்கிறாள். என் தோள்பட்டை வலிக்காக அவளிடம் போனபோதுதான் பழக்கம். அவளுடைய அண்ணன் சுஹைல் துபாயில் ஒரு படகு கிளப்பில் உடைந்த படகுகளை ஒட்டும் வேலை பார்க்கிறான். அங்கே ஒதுக்கிப் போட்ட இரண்டு படகுகளை வாங்கித் தூத்துக்குடிக்குக் கப்பலில் அனுப்பினான். என் தோளை முறுக்கிக்கொண்டே, "ஒண்ண நான் வச்சிக்கிடுதேன். இன்னொண்ண நீங்க எடுத்துக்கிடுதீயளா அக்கா?" என்று கேட்டாள். வலியில் சரி என்றுவிட்டேன். அப்படித்தான் தொடங்கியது.

நாலு வருஷத்தில் பன்னிரண்டு படகு ஆனது. பத்துப் படகு சேர்ந்தால்தான் தேசியச் சங்கம் அங்கீகாரம் தரும். ஆள் சேர்க்க ஓர் ஆள் வேண்டுமே என்று ஜெபசீலன் அண்ணாச்சியைத் தலைவராக்கினோம். தச்சநல்லூரில் டைல்ஸ் கடை. இருபது வருஷமாகச் சபைக் கமிட்டியில் இருப்பவர். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களோடு வேலை செய்வதுதான் எவ்வளவு கஷ்டம் என்று அதன் பிறகு கற்றுக்கொண்டேன். கூட்டம் என்றால் ஆரம்ப ஜெபம், வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை. காற்று எப்போது மாறும் என்று பேச ஐந்து நிமிஷம், பனியனுக்கு என்ன நிறம் என்று பேச மூன்று மாதம். "நாம எல்லாரும் ஒரே குடும்பம்லா" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருக்கும்.

இந்த விளையாட்டில் என்னைக் கட்டிப்போட்டது ஒன்றே ஒன்று. இதில் நடுவர் தண்ணீரில் கிடையாது. திசை திரும்ப மிதவைகள் போட்டிருப்போம். மிதவையை யாராவது தொட்டுவிட்டால், எவன் பார்த்தான், பார்க்கவில்லை என்ற பேச்சே இல்லை. அவரே பறப்பதை நிறுத்தி, படகைத் தண்ணீரில் இறக்கி, ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுப் போக வேண்டும். அடுத்த படகின் வழியை மறித்தால் இரண்டு சுற்று. ஒரு சுற்றுக்கு அரை நிமிஷம் போகும். எங்கள் போட்டியில் அரை நிமிஷம் என்பது முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் உள்ள தூரம். தன் தவறுக்குத் தானே தண்டனை போட்டுக்கொள்ளும் மனிதர்கள் உலகத்தில் எங்கேயோ இருந்துகொண்டு இந்த விதிகளை எழுதியிருக்கிறார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

நம் ஆட்கள்? 'கண்ணில் தண்ணி அடிச்சிட்டுக்கா, பாக்கல.' 'நான் தொடல, மிதவைதான் நகந்து வந்து இடிச்சிது.' இந்த இரண்டாவதைச் சொன்னவன் ஷிபின். வயது இருபத்துநாலு. படகை நன்றாக ஓட்டுவான், வெட்கமில்லாமல் பொய் சொல்வான். அவன் வந்து சேர்ந்த நாளிலிருந்து ஒரே ஒரு தடவை சுற்றி நான் பார்த்திருக்கிறேன். அதுவும் பாய்க்கயிறு சிக்கிக்கொண்டதால்.

இரண்டு படகோட்டிகளுக்குள் தகராறு என்றால் சிவப்புக் கொடி காட்டி ஆட்சேபம் செய்யலாம். கரைக்கு வந்ததும் எழுத்தில் கொடுத்தால் மூவர் குழு விசாரிக்கும். இது சண்டையே அல்ல, ஆட்டத்தில் ஒரு பகுதி. எங்கள் ஊரிலோ ஒருவர்மேல் எழுத்தில் புகார் கொடுப்பது என்றால் பரம்பரைப் பகை. ஆகவே எந்தக் கொடியும் விசாரணைவரை வந்தது கிடையாது. ஜெபசீலன் அண்ணாச்சி இரண்டு பேரையும் டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போவார். கையைச் சேர்த்துவைப்பார். தள்ளியவன் பரிசோடு வீட்டுக்குப் போவான், தள்ளப்பட்டவன் டீயோடு போவான். இதற்குச் சமாதானம் என்று பெயர்.

இஷ்ரத் ஒருத்திதான் வேறு. போன வருஷம் ஒரு வியாழக்கிழமை தனியாகப் பழகிக்கொண்டிருந்தாள். கரையில் நான் மட்டும். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. திரும்பும்போது பாயின் நுனி மிதவையில் பட்டது. போட்டியும் இல்லை, போட்டியாளரும் இல்லை. இறங்கி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி பறந்து போனாள். விதிகளைத் தமிழில் எழுதிப் புத்தகமாகப் போட்டவள் நான். 'தொட்டால் சுற்று, யோசிக்காதே' என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவளும் நான். அதை அப்படியே எடுத்துக்கொண்டது அவள் மட்டும்.

இந்த வருஷம் அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. தேசியச் சங்கம் ஒவ்வொரு ஊர்ச் சங்கத்திலிருந்தும் ஒரே ஒருவரை எடுத்து, மும்பையில் இரண்டு வருஷம் பயிற்சி தந்து, புதுப் படகும் கொடுக்கிறது. முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் எடுப்பார்கள். இஷ்ரத்துக்கு ஐப்பசியில் முப்பது முடிகிறது. அவளுடைய படகு ஐந்து இடத்தில் ஒட்டுப் போட்டது. நிலையத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு தோழியைப் பேசி வைத்துவிட்டாள். வீட்டில் மூன்று மாதம் பேசாமல் இருந்து சம்மதம் வாங்கிவிட்டாள். மிச்சம் இருந்தது எங்கள் தொடரில் முதலாவது வருவது மட்டும்.

ஆடிக் கடைசி ஞாயிறு, கடைசிப் போட்டி. காலை ஆராதனை முடிந்து எல்லோரும் வந்து சேரப் பகல் ஒரு மணி. புள்ளிக் கணக்கில் இஷ்ரத்தும் ஷிபினும் சமம். இதில் யார் முந்துகிறாரோ அவருக்கு மும்பை. காற்று பலமாக இருந்தது. முதல் இரண்டு சுற்றிலும் இஷ்ரத் முன்னால், ஷிபின் அடுத்து, நான் மூன்றாவது.

கடைசி மிதவை வரும்போது இருவரும் பக்கத்துப் பக்கத்தில் பறந்தார்கள். இஷ்ரத் உள்பக்கம். மிதவையைச் சுற்றும்போது உள்பக்கப் படகுக்கு வெளிப்பக்கப் படகு வழிவிட வேண்டும். இது எங்கள் விளையாட்டின் அரிச்சுவடி. ஷிபின் விடவில்லை. வேண்டுமென்றே உள்ளே ஒடித்தான். படகின் பக்கவாட்டில் நீண்டிருக்கும், அவன் உட்கார்ந்திருந்த சட்டம் அவளுடைய சட்டத்தில் மோதியது. அவள் படகு சரிந்து ஆரஞ்சு மிதவையில் இடித்தது. எண்பது அடி பின்னாலிருந்து என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

இஷ்ரத் சிவப்புக் கொடியை எடுத்து, "ஆட்சேபம்!" என்று கத்தினாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? இறங்கினாள். ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். ஷிபின் திரும்பிப் பார்த்துவிட்டுப் பறந்துகொண்டே இருந்தான். எல்லைக்கோட்டை அவன் தாண்டி இருபது விநாடி கழித்து இவள் தாண்டினாள்.

நாலு மணிக்கு அவள் என்னிடம் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்தாள். ஜெபசீலன் அண்ணாச்சி டீக்கடைக்குக் கூப்பிட்டார். "டீ அப்புறம் குடிச்சிக்கிடலாம், அண்ணாச்சி. மொதல்ல விசாரிங்க" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சங்கத்தின் வரலாற்றில் முதல் விசாரணை.

படகு வைக்க நாங்கள் எடுத்திருக்கும் இடம் பழைய ஐஸ் கிடங்கு. எத்தனை பிளீச்சிங் பவுடர் போட்டாலும் மீன் வாடை போகாது. அங்கே மூன்று பிளாஸ்டிக் நாற்காலியில் குழு. நடுவில் ஜெபசீலன் அண்ணாச்சி. ஒரு பக்கம், நில அளவைத் துறையில் ஓய்வு பெற்ற உமர் பாரூக். மறுபக்கம் ஹெப்ரான், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். நான்தான் குறிப்பு எழுதுகிறவள், நான்தான் சாட்சியும். சின்னச் சங்கத்தில் அப்படித்தான். ஜெபத்தோடு ஆரம்பித்தார்கள்.

பார்த்ததை நான் சொன்னேன். ஷிபின் இடித்தான் என்று தெளிவாகச் சொன்னேன். ஹெப்ரான், "எண்பது அடிக்குப் பின்னால, கண்ணுல உப்புத் தண்ணியோட?" என்று கேட்டுவிட்டு வடையை எடுத்துக்கொண்டான்.

ஷிபின் பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "அண்ணாச்சி, நான் எடம் விட்டுத்தான் போனேன். அவங்களாத்தான் போயி இடிச்சிக்கிட்டாங்க. நான் தள்ளியிருந்தா நான்லா சுத்தணும்? அவங்க எதுக்குச் சுத்துனாங்க? தப்பு செஞ்சவங்கதான சுத்துவாங்க?"

ஜெபசீலன் அண்ணாச்சி இஷ்ரத் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீயாத்தான சுத்துன? யாரும் சொல்லலியே?"

"தொட்டா சுத்தணும்லா, அண்ணாச்சி. தொட்டேன், சுத்துனேன். அவன் தள்ளுனது வேற கணக்கு."

"எப்படிம்மா வேறயாவும்? அவன் தள்ளித்தான் தொட்டேன்னு சொல்லுத. அப்ப ஒன் மேல தப்பில்ல. தப்பில்லாதவ எதுக்குச் சுத்தணும்?"

இஷ்ரத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

உமர் பாரூக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் புத்தகத்தைப் புரட்டினார். "மிதவையைத் தொட்ட படகு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அம்புட்டுத்தான் போட்டிருக்கு. அடுத்தவன் தள்ளித் தொட்டா என்னன்னு ஒரு வரிகூட இல்லையே. அப்ப, தொட்டவங்க மேலதான் தப்புன்னு ஆவுது."

"கரோலின், நீதான எழுதுன? அப்படி எதும் விதி உண்டுமா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

உண்டு. ஆங்கிலப் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. இன்னொரு படகு செய்த தவறால் மிதவையைத் தொட நேர்ந்தவருக்குத் தண்டனை கிடையாது, அவர் சுற்ற வேண்டாம். அதைத் தமிழில் எழுதினேன். எழுதி, இரண்டு தடவை படித்துப் பார்த்து, அழித்தேன்.

ஏன் என்று அன்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 'என் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால்', 'எதிர்மனுதாரரின் தூண்டுதலால்' என்று தினமும் நான் மொழிபெயர்க்கிற கூட்டம் இது. இப்படி ஒரு வரியை இவர்கள் கையில் கொடுத்தால் சாகும்வரை ஒருவன் சுற்றமாட்டான். ஒவ்வொருவனும் அடுத்தவன் தள்ளினான் என்பான். அதனால் அந்த விதி இவர்களுக்கு வேண்டாம் என்று நானே தீர்மானித்தேன். அதோடு விட்டேனா? 'சந்தேகம் வந்தால் தமிழ்ப் புத்தகமே முடிவானது' என்று போட்டி அறிவிப்பில் ஒவ்வொரு வருஷமும் எழுதிவைத்தேன். என் தமிழ் மேல் எனக்கு அத்தனை கர்வம்.

இப்போது ஐந்து பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புத்தகத்துல இல்ல, அண்ணாச்சி" என்றேன்.

உண்மைதான். புத்தகத்தில் இல்லைதான். இப்படிப்பட்ட உண்மையைச் சொல்கிறவர்களைக் கண்டால் நான் காறித் துப்புவேன்.

ஐந்து நிமிஷத்தில் தீர்ப்பு. ஆட்சேபம் தள்ளுபடி. "மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதீங்க, ரெண்டு பேரும் கையக் குடுங்க" என்றார் அண்ணாச்சி. இஷ்ரத் கை கொடுத்தாள். குழுப்படம் எடுக்க நிற்கச் சொன்னார்கள், நின்றாள். வெளியே வரும்போது உமர் பாரூக் என் காதருகே வந்து, "நான் அவளுக்குச் சாதகமாச் சொன்னா, நம்ம புள்ளங்கறதால சொன்னான்னு பேச்சு வரும்லா. அதான் பாத்தேன்" என்றார். நியாயமாக நடந்துகொண்டதாக அவருக்கு முகமெல்லாம் நிம்மதி.

சாயங்காலம் குழுவில் படம் வந்தது. 'போட்டித் தொடர் சமாதானமாக நிறைவடைந்தது.' பத்து கைகூப்பல் விழுந்தது. இஷ்ரத்துடையது இல்லை. பத்தாவது என்னுடையது.

வெற்றி பெற்றவர் பெயரை மறுநாள் பகல் பன்னிரண்டுக்குள் தேசியச் சங்கத்துக்கு நான் அனுப்ப வேண்டும். காலை ஒன்பது மணிக்கு தச்சநல்லூர் டைல்ஸ் கடைக்குப் போனேன். ஆங்கில விதியைப் போனில் எடுத்து ஜெபசீலன் அண்ணாச்சியிடம் நீட்டி, இது என் புத்தகத்தில் விடுபட்டிருக்கிறது என்றேன். அவர் நிதானமாகப் படித்தார். மறுபடி ஒரு தடவை படித்தார். வேலைக்காரரை அனுப்பி எனக்குக் காப்பி வாங்கிவரச் சொன்னார்.

"இது எழுத்துல போச்சுன்னா மும்பை அந்தப் புள்ளைக்குத்தான். அது வாஸ்தவம்" என்றார். "ஆனா நம்ம அங்கீகாரம் போயிரும்மா. தப்பான புத்தகத்த வச்சு இத்தன வருஷம் போட்டி நடத்துன சங்கம்னு ஆயிரும். பன்னெண்டு படகுலயும் கருவாடுதான் காயப்போடணும்."

"அதுக்காக?"

"ஒன் பேரையும் பாக்கணும்லா. ஊர் என்ன சொல்லும்? நீ என்ன வேணும்னா செஞ்ச? கைத்தவறுதலா விட்டுப்போச்சு. எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். அடுத்த பதிப்புல பைய சேத்துருவோம். இஷ்ரத் நல்ல புள்ள, ஒண்ணும் சொல்லமாட்டா."

அவர் என்னைக் காப்பாற்றுவதாக உண்மையாகவே நம்பினார். கண்ணில் கரிசனம். அந்த மன்னிப்பு எனக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு, அது எனக்கு ஆறுதலாகவும் இருந்ததுதான். காப்பியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அலுவலகத்துக்குப் போய்க் கடிதம் எழுதினேன். மிதவையில் நடந்தது, நான் பார்த்தது, ஆங்கில விதியின் எண், எல்லாம் எழுதினேன். 'மேற்படி விதி தமிழ்ப் புத்தகத்தில் தவறுதலாக விடுபட்டுள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆட்டோ பிடித்து மேலப்பாளையம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று இருபத்தைந்து.

இஷ்ரத் ஒரு அம்மாவின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். "தோள் மறுபடி வலிக்கா அக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று கடிதத்தையும் போனையும் நீட்டினேன். அந்த அம்மாவைச் சற்று நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு வாங்கிப் படித்தாள்.

"அப்ப நான் சுத்தியிருக்கவே வேண்டாமா?"

"வேண்டாம்."

"சுத்தாம இருந்தா நாந்தான மொதல்ல வந்திருப்பேன்?"

"ஆமா."

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் கடிதத்தை இன்னொரு தடவை படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தவறுதலாத்தான அக்கா? அம்புட்டுப் பெரிய புத்தகத்த ஒத்தையாளா இருந்து எழுதுனீங்க. ஒரு வரி விட்டுப்போறது மனுஷனுக்கு வாரதுதான். நேத்து ராத்திரி உங்க மேல எனக்கு வருத்தந்தான். இப்ப இல்ல. இம்புட்டுத் தூரம் நீங்களா வந்து சொன்னீங்கள்லா."

அத்தோடு விட்டிருக்கலாம். கடிதம் போனால் போதும், அவளுக்கு மும்பை கிடைத்துவிடும். என் பேரும் பாதி மிஞ்சும். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள் என் கையைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மேஜையில் கிடந்த பேனாவை எடுத்தேன். 'தவறுதலாக' என்பதை அடித்துவிட்டு மேலே 'வேண்டுமென்றே என்னால் நீக்கப்பட்டது' என்று எழுதினேன்.

அவள் என் கையை விட்டாள்.

"வேணும்னேயா? ஏன்?"

"இந்த விதியக் கையில குடுத்தா எல்லாரும் பொய் சொல்லுவாங்கன்னு நெனச்சேன்."

"எல்லாரும்னா?"

"எல்லாருந்தான். ஷிபின், ஹெப்ரான், நம்ம ஊர் ஆளுக..."

இஷ்ரத் மனசுக்குள் எதையோ கணக்குப் பார்ப்பது தெரிந்தது.

"புத்தகம் எழுதுனது மொதல் வருஷம்லா அக்கா? அப்ப ஷிபினெல்லாம் வரலையே. அண்ணாச்சிகூட வரல. அப்ப சங்கத்துல நீங்களும் நானுந்தான இருந்தோம்?"

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பின்னால் வரப்போகிறவர்களை நினைத்துச் செய்தேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அது பொய்யாகவும் இருந்திருக்காது.

"ஆமா" என்றேன்.

அவள் போனில் கடிதத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, "மணி பதினொண்ணே முக்காலாச்சு, அனுப்புங்க" என்றாள். அவள் கண் முன்னாலேயே அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்று வாங்கிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு கதவைத் திறந்து, வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவை உள்ளே வரச் சொன்னாள்.